மேனேஜரா, தலைமைப் பயிற்சியாளரா? ஸ்டீவ் கோப்பெல் வகித்த பதவிகளும் அவற்றின் அதிகாரமும்

ஒரு கிளப் தன் மேனேஜரை நீக்கியது என்று ஒரு நாள் செய்தி வருகிறது. அடுத்த வாரம் இன்னொரு கிளப் தலைமைப் பயிற்சியாளரை நீக்குகிறது. மூன்றாவது கிளப் இடைக்கால மேனேஜரை வைத்து ஓட்டுகிறது. நான்காவது கிளப்பில் கால்பந்து இயக்குநர் விலகுகிறார், பயிற்சியாளர் அப்படியே இருக்கிறார். தமிழ்ச் செய்திகளில் இவர்கள் எல்லோரும் பெரும்பாலும் 'பயிற்சியாளர்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். அதனால்தான் குழப்பம். அணி தோற்றால் யாரைக் கேட்பது, சரியில்லாத ஆட்டக்காரரை வாங்கியது யார் முடிவு என்பது படிப்பவருக்குப் புரிவதில்லை.

இதை விளக்க ஒரே ஒருவரின் வாழ்க்கையே போதும். மான்செஸ்டர் யுனைடெட்டிலும் இங்கிலாந்து அணியிலும் வலது விங்கராக, அதாவது மைதானத்தின் வலது ஓரமாகப் பந்தை எடுத்துக்கொண்டு முன்னேறுபவராக ஆடிய ஸ்டீவ் கோப்பெல், மேலே சொன்ன நாற்காலிகள் அனைத்திலும் உட்கார்ந்து எழுந்தவர். 1984இல் லண்டனில் தொடங்கிய அந்த வேலை கொச்சி, ஜாம்ஷெட்பூர் வழியாகக் கொல்கத்தாவில் 2019இல் முடிந்தது. ஒவ்வொரு பதவியிலும் அவர் கையில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று பார்த்தாலே சொற்களின் பொருள் விளங்கிவிடும்.

முதலில் சொற்கள்

1. மேனேஜர். இங்கிலாந்தின் பழைய முறை. பயிற்சி, ஆட்ட நாளில் அணித் தேர்வு, யாரை வாங்குவது, யாரை விற்பது, இளையோர் அணியை எப்படி நடத்துவது என எல்லாம் இவர் தலையில். பணம் தருவது மட்டும் கிளப் தலைவர். பயிற்சி மைதானத்தில் விசில் ஊதும் வேலையைப் பல மேனேஜர்கள் தங்கள் கோச்சுகளிடம் விட்டுவிடுவார்கள்.

2. தலைமைப் பயிற்சியாளர். ஐரோப்பியக் கண்டத்து முறை. இருக்கிற ஆட்டக்காரர்களை வைத்து அணியைத் தயார் செய்து ஆட வைப்பது இவர் பொறுப்பு. யாரை வாங்குவது என்பதில் கருத்துச் சொல்லலாம். கையெழுத்து வேறொருவருடையது.

3. கால்பந்து இயக்குநர். அந்த வேறொருவர் இவர்தான். டெக்னிக்கல் டைரக்டர், ஸ்போர்ட்டிங் டைரக்டர் என்று கிளப்புக்குக் கிளப் பெயர் மாறும், எல்லை கொஞ்சம் முன்பின் இருக்கும். பயிற்சியாளர்கள் வந்து போனாலும் கிளப் எந்த வகை ஆட்டக்காரர்களைத் தேடுகிறது என்பது மாறாமல் பார்த்துக்கொள்வதே அடிப்படை வேலை.

4. கேர்டேக்கர், அதாவது இடைக்கால மேனேஜர். நிரந்தர ஆள் கிடைக்கும்வரை வண்டியை ஓட்டுபவர். ஓட்டி ஜெயித்துவிட்டால் அவரையே நிரந்தரமாக்குவதும் உண்டு.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்திய கிரிக்கெட்டில் வீரர்களைத் தேர்வுக் குழு எடுக்கிறது, பயிற்சியாளர் தயார் செய்கிறார், களத்தில் கேப்டன் நடத்துகிறார். அதிகாரம் மூன்றாகப் பிரிந்திருப்பது நமக்குப் பழகிப்போனது. ஆங்கிலக் கால்பந்தின் மேனேஜர் இந்த மூன்றையும் ஒரே ஆளாகச் செய்தவர். அதனால்தான் அந்தப் பதவிக்கு அங்கே இவ்வளவு மவுசு.

மேனேஜர் எப்படி வந்தார்

ஆரம்பத்தில் அங்கேயும் குழுதான். கிளப் இயக்குநர்கள் உட்கார்ந்து அணியைத் தேர்ந்தெடுப்பார்கள். 1925இல் ஆர்சனலுக்கு வந்த ஹெர்பர்ட் சாப்மன், கிளப்பின் கால்பந்து விவகாரம் முழுவதையும் ஒருவரே நடத்த முடியும் என்று காட்டினார். 1945இல் மான்செஸ்டர் யுனைடெட் மேட் பஸ்பியை அழைத்தபோது, பயிற்சி, அணித் தேர்வு, வாங்கல் விற்றல் மூன்றும் தன்னிடம் இருக்க வேண்டும் என்று அவர் கேட்டு வாங்கினார்.

தேசிய அணிக்கு இன்னும் தாமதமானது. வால்டர் வின்டர்பாட்டம் 1946 முதல் 1962 வரை இங்கிலாந்தின் மேனேஜர். ஆனால் அணியைத் தேர்ந்தெடுத்தது கால்பந்துச் சங்கத்தின் குழு. தேர்வு முழுக்கத் தன்னிடம் இருந்தால்தான் வருவேன் என்று அடுத்து வந்த ஆல்ஃப் ராம்சி சொன்னார். 1966இல் உலகக் கோப்பை வந்தது. அதற்கப்புறம் யாரும் குழுவைப் பற்றிப் பேசவில்லை.

கோப்பெல் ஆட்டக்காரராக வளர்ந்தது இந்த மேனேஜர் காலத்தின் உச்சத்தில்.

காலத்துக்கு முன்பே முடிந்த ஆட்டம்

1955இல் லிவர்பூலில் பிறந்தவர். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துக்கொண்டே ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த டிரான்மியர் ரோவர்ஸ் அணியில் ஆடினார். 1975இல் மான்செஸ்டர் யுனைடெட் 60,000 பவுண்டு கொடுத்து வாங்கியபோதும் படிப்பை விடவில்லை. அந்தக் காலத்துத் தொழில்முறை ஆட்டக்காரர்களில் பட்டப்படிப்பு முடித்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

யுனைடெட்டில் இங்கிலாந்தின் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையின் மூன்று இறுதிப் போட்டிகள் ஆடினார். 1976இல் சவுத்தாம்ப்டனிடம் தோல்வி, 1977இல் லிவர்பூலை வென்று கோப்பை, 1979இல் ஆர்சனலிடம் தோல்வி. இதைவிட அவருடைய குணத்தைக் காட்டுவது வேறொரு கணக்கு. 1977 முதல் 1981 வரை லீக்கில் தொடர்ச்சியாக 207 ஆட்டங்கள், ஒன்றுகூட விடாமல். கோல்கீப்பர் அல்லாத ஒருவருக்கு அந்தக் கிளப்பில் அது சாதனை. பந்தை எடுத்துக்கொண்டு ஓடும் விங்கரைத்தான் எதிரணித் தடுப்பாளர்கள் அதிகம் உதைப்பார்கள். அந்த இடத்தில் ஆடிக்கொண்டு நான்கு ஆண்டுக்கும் மேல் ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிடாமல் இருந்தார்.

அந்தத் தொடர் அறுந்தது 1981 நவம்பரில். வெம்ப்ளியில் ஹங்கேரிக்கு எதிரான உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. இங்கிலாந்து 1-0 என்று வென்று தகுதி பெற்ற இரவு. ஜோசஃப் டோத் என்ற ஹங்கேரி ஆட்டக்காரர் கால் நீட்டி விழுந்ததில் கோப்பெலின் முழங்கால் சிதைந்தது. அறுவைச் சிகிச்சைக்கு அப்புறம் 1982 உலகக் கோப்பைக்கு ஸ்பெயின் போனார், ஆடினார். கடைசி ஆட்டத்தில் முழங்கால் இடம் கொடுக்கவில்லை, வெளியே உட்கார்ந்தார். 1983இல் 28 வயதில் ஓய்வு. இங்கிலாந்துக்காக 42 ஆட்டங்கள், 7 கோல்கள்.

வழக்கமாக ஒருவர் 34, 35 வயதில் ஓய்வு பெற்று, உதவியாளராக நாலைந்து ஆண்டு பழகி, பிறகு மேனேஜராவார். கோப்பெலுக்கு அந்த இடைவெளி கிடைக்கவில்லை. 1984 ஜூனில், 29 வயதுகூட ஆகாத நிலையில், இரண்டாம் பிரிவில் கடனோடு தவித்த கிரிஸ்டல் பேலஸின் மேனேஜரானார். அவர் அணியில் அவரைவிட வயதில் மூத்தவர்கள் இருந்தார்கள்.

அப்போது அதற்குச் சான்றிதழ் எதுவும் தேவைப்படவில்லை. இன்று ஐரோப்பாவின் முதல் பிரிவு அணி ஒன்றை நடத்த, ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஈஎஃப்ஏவின் ப்ரோ உரிமம் வேண்டும். பி, ஏ என்று படிப்படியாக ஏறிப் பல ஆண்டு கழித்து எட்டும் படி அது. 2006இல் மிடில்ஸ்பரோ கிளப் தன் கேப்டன் கேரத் சவுத்கேட்டை நேராக மேனேஜராக்கியபோது, உரிமம் இல்லை என்று பெரிய சச்சரவாகி, தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 1984இல் கிளப் தலைவர் ரான் நோட்ஸ் சரி என்று சொன்னது போதுமாக இருந்தது.

முழு அதிகாரம் என்றால் என்ன: பேலஸ் 1984–1993

மேனேஜர் என்ற சொல்லின் முழுப் பொருளையும் பார்க்க வேண்டுமானால் இந்த ஒன்பது ஆண்டுகளைப் பார்க்க வேண்டும்.

கையில் காசில்லை. ஆனால் யாரை வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், தேர்ந்தெடுக்கலாம். தெற்கு லண்டனில் கிரீனிச் பரோ என்ற உள்ளூர் அணியில், கட்டட வேலை பார்த்துக்கொண்டே ஆடிய ஒரு ஸ்ட்ரைக்கர் இருந்தார். வயது 22ஐ நெருங்கிவிட்டது. பெரிய கிளப்புகள் கண்டுகொள்ளாமல் விட்ட வயது. 1985இல் கோப்பெல் அவரைச் சோதித்துப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். பதிலுக்கு உடற்பயிற்சி எடைக்கருவிகள் சில கொடுத்ததாகக் கதை உண்டு. அந்த ஆட்டக்காரர் இயன் ரைட். 1991இல் ஆர்சனல் அவரை வாங்கிய விலை 25 லட்சம் பவுண்டு.

இப்போது இதையே தலைமைப் பயிற்சியாளர் முறையில் யோசித்துப் பாருங்கள். தேடல் பிரிவு பட்டியல் தரும், கால்பந்து இயக்குநர் வயதையும் மறுவிற்பனை மதிப்பையும் பார்ப்பார். 22 வயதுக் கட்டடத் தொழிலாளி அந்தப் பட்டியலில் ஏறுவது கடினம். மேனேஜர் முறையின் பலம் இங்கேதான். ஒருவர் கண்ணால் பார்த்து நம்பினால் காரியம் நடந்துவிடும். அதே கண் தவறாகப் பார்த்தால் தடுக்கவும் ஆளில்லை என்பது மறுபக்கம்.

1989இல் பேலஸ் முதல் பிரிவுக்கு ஏறியது. ஏறியதும் விழுந்த அடி இன்றும் பேசப்படுகிறது. 1989 செப்டம்பர் 12, ஆன்ஃபீல்ட் மைதானம், லிவர்பூல் 9, பேலஸ் 0. லிவர்பூலுக்காக எட்டு வெவ்வேறு பேர் கோல் போட்டார்கள். ஜான் ஆல்ட்ரிட்ஜ் ஸ்பெயினுக்குப் போகவிருந்தார். அவருக்கு வழியனுப்பு விழா போல, மாற்று ஆட்டக்காரராக உள்ளே அனுப்பி ஒரு பெனால்டியை அடிக்க வைத்தார்கள். எதிரணியை வைத்துக்கொண்டே பிரிவுபசாரம் நடத்தும் அளவுக்கு ஆட்டம் ஒருபக்கமாகப் போய்விட்டது.

மேனேஜர் என்ன செய்தார் என்பதுதான் நமக்கு வேண்டியது. இரண்டு மாதத்தில் பிரிஸ்டல் ரோவர்ஸிலிருந்து நைஜல் மார்ட்டின் என்ற கோல்கீப்பரை 10 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார். பிரிட்டனில் ஒரு கோல்கீப்பருக்கு அவ்வளவு தொகை கொடுத்தது அதுவே முதல்முறை. காசில்லாத கிளப், சாதனை விலை, அதுவும் கோல்கீப்பருக்கு. தலைவரை ஒப்புக்கொள்ள வைத்தது மேனேஜரின் வார்த்தை.

ஏழு மாதம் கழித்து, 1990 ஏப்ரலில், அதே லிவர்பூல் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் எதிரே வந்தது. இயன் ரைட் காலுடைந்து வெளியே இருந்தார். கோப்பெல் லிவர்பூலின் பலவீனம் எது என்று பார்த்து வைத்திருந்தார். ஃப்ரீ கிக்கிலும் கார்னரிலும் உயரே வரும் பந்தைக் கையாள்வதில் அவர்கள் தடுமாறினார்கள். ஓடும் ஆட்டத்தில் ஜெயிக்க முடியாதவர்களை நின்ற பந்தில் பிடிக்கலாம் என்பது கணக்கு. ஆட்டம் 3-3 என்று கூடுதல் நேரத்துக்குப் போனது. ஒரு கார்னர், அருகே நின்றவர் தலையால் தட்டிவிட, தூரக் கம்பத்தில் ஆலன் பார்டியூ தலையால் முட்டினார். 4-3. ஒன்பது வாங்கிய அணி நான்கு போட்டு இறுதிப் போட்டிக்குப் போனது.

இறுதிப் போட்டியில் எதிரணி கோப்பெலின் பழைய வீடான மான்செஸ்டர் யுனைடெட். காயத்திலிருந்து அப்போதுதான் மீண்டிருந்த ரைட் மாற்று ஆட்டக்காரராக வந்து இரண்டு கோல் போட்டார். 3-3. மறு ஆட்டத்தில் யுனைடெட் 1-0. அலெக்ஸ் ஃபெர்குசனுக்கு அங்கே கிடைத்த முதல் கோப்பை அது. அந்த மறு ஆட்டம் வேறு மாதிரி முடிந்திருந்தால் ஃபெர்குசனின் கதை எப்படிப் போயிருக்கும் என்று இங்கிலாந்தில் இன்னும் தேநீர்க் கடைப் பேச்சாக ஓடுகிறது. 1990–91இல் பேலஸ் லீக்கில் மூன்றாம் இடம். அந்தக் கிளப் லீக்கில் அவ்வளவு உயரம் போனது அதற்கு முன்னால் இல்லை.

கோல் வித்தியாசமும் பிளே-ஆஃபும்

கோப்பெலின் வாழ்க்கையைப் படிக்கும்போது இரண்டு விதிகள் திரும்பத் திரும்ப வரும். அவை புரியாவிட்டால் அவர் ஏன் உயர்ந்தார், ஏன் விழுந்தார் என்பது விளங்காது.

1. ஏற்ற இறக்கம். சீசன் முடிவில் கீழே இருக்கும் மூன்று அணிகள் அடுத்த பிரிவுக்கு இறங்கும், அங்கிருந்து மூன்று ஏறும். புள்ளிகள் சமமானால், போட்ட கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்து வரும் எண்ணைப் பார்ப்பார்கள். அதுதான் கோல் வித்தியாசம்.

2. பிளே-ஆஃப். கோப்பெல் காலத்தில், ஏறும் இடங்களில் ஒன்றுக்கு மட்டும், மூன்றாம் இடத்திலிருந்து ஆறாம் இடம் வரை உள்ள நான்கு அணிகள் நாக்-அவுட் முறையில் மோதின. 1986–87இல் வந்த ஏற்பாடு.

கோப்பெல் முதல்முறை மேலே ஏறியது பிளே-ஆஃபில். 1989 இறுதிச் சுற்றில் பிளாக்பர்னிடம் முதல் ஆட்டத்தில் 3-1 என்று தோற்று, சொந்த மைதானத்தில் கூடுதல் நேரத்தில் 3-0 என்று திருப்பினார்கள்.

முதலில் இறங்கியது 1993இல், கோல் வித்தியாசத்தில். முதல் பிரிவின் இடத்தில் பிரீமியர் லீக் வந்த முதல் சீசன் அது. பேலஸ் 49 புள்ளி எடுத்தது. அவ்வளவு எடுத்து இறங்கும் அணி அபூர்வம். கடைசி நாளில் ஓல்டம் அணி 4-3 என்று வென்று அதே 49ஐத் தொட்டது, அவர்கள் தப்பினார்கள். பேலஸ் அன்று ஆர்சனலிடம் 3-0 என்று தோற்றது. முதல் கோலைப் போட்டவர் இயன் ரைட். கோப்பெல் பதவி விலகினார்.

பதினைந்து ஆண்டு கழித்து அதே கத்தி மறுபடியும் வெட்டியது. 2008இல் அவருடைய ரெடிங் அணி கடைசி நாளில் டார்பியை 4-0 என்று வென்றது. ஃபுல்லம் அதே நேரத்தில் 1-0 என்று ஜெயித்தது. இரு அணிக்கும் 36 புள்ளி. வித்தியாசம் மூன்றே கோல். அந்த சீசனின் தொடக்கத்தில் போர்ட்ஸ்மத்திடம் 7-4 என்று ரெடிங் தோற்றிருந்தது. அந்த ஒரு நாளில் மட்டும் இழந்த வித்தியாசம் மூன்று.

பதவிப் பெயர்கள் மாறத் தொடங்கிய காலம்

1995இல் பேலஸுக்குத் திரும்பியபோது அவர் மேனேஜர் இல்லை, டெக்னிக்கல் டைரக்டர். அணியைத் தயார் செய்வது ரே லூவிங்டன். அப்போது இங்கிலாந்தில் இந்தப் பிரிவினை புதிது. யார் என்ன செய்கிறார் என்பது கிளப்புக்குள்ளேயே தெளிவாக இருந்ததாகச் சொல்ல முடியாது. சில மாதத்தில் டேவ் பாஸெட் மேனேஜராக வந்தார்.

1996 அக்டோபரில் மான்செஸ்டர் சிட்டி அழைத்தது. இன்றைய சிட்டி இல்லை, பிரீமியர் லீக்கிலிருந்து அப்போதுதான் இறங்கிய, உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்த சிட்டி. ஒரு மாதமும் ஓரிரு நாளும் ஆனதும் வேலையின் அழுத்தம் உடலைப் பாதிக்கிறது என்று சொல்லி விலகினார். ஆறே ஆட்டங்கள். அன்று பலர் கேலி செய்தார்கள். மனநலம் பற்றி விளையாட்டில் யாரும் வாய் திறக்காத காலத்தில், முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னது துணிச்சல் என்றுதான் எனக்குப் படுகிறது. முழு அதிகாரம் உள்ள பதவியில் முழுச் சுமையும் ஒரே தோளில்தான் இருக்கும். மேனேஜர் முறையின் விலை அது.

மறுபடி பேலஸ். 1997இல் பாஸெட் வேறு கிளப்புக்குப் போனதும் கோப்பெல் கேர்டேக்கர். அந்த இடைக்காலத்திலேயே பிளே-ஆஃப் இறுதிக்குப் போய், வெம்ப்ளியில் கடைசி நிமிடத்தில் டேவிட் ஹாப்கின் பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து வளைத்து அடித்த கோலால் ஷெஃபீல்ட் யுனைடெட்டை வென்று பிரீமியர் லீக்குக்கு ஏற்றினார். நிரந்தரமாக்கினார்கள். ஒரு வருடம் தாங்கவில்லை. 1998 மார்ச்சில், கிளப் கைமாறும் நேரத்தில், அவரை மேலே தூக்கிக் கால்பந்து இயக்குநராக உட்கார வைத்துவிட்டு, இத்தாலிய ஆட்டக்காரர் அட்டிலியோ லொம்பார்டோவிடம் அணியைக் கொடுத்தார்கள். லொம்பார்டோவுக்கு ஆங்கிலம் சரியாக வராது. ஸ்வீடன்காரர் தோமஸ் ப்ரோலின் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். கடைசி இடத்தில் முடித்துக் கீழே போனார்கள்.

கால்பந்து இயக்குநர் பதவிக்கு அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் கெட்ட பெயர் இருந்ததற்கு இதுபோன்ற சம்பவங்களே காரணம். வேலையை விட்டு எடுக்க மனமில்லாதவரை மரியாதையாக ஓரங்கட்டும் நாற்காலியாக அது பயன்பட்டது.

1999இல் கோப்பெல் மூன்றாம்முறை மேனேஜரானார். அதே ஆண்டு கிளப் திவாலாகி, கடனைத் தீர்க்க நியமிக்கப்பட்ட நிர்வாகியின் கைக்குப் போனது. ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக விற்றுக்கொண்டே அணியை இறங்காமல் காப்பாற்றினார். 2000இல் புதிய உரிமையாளர் வந்தார், கோப்பெல் போனார். பிறகு பிரென்ட்ஃபோர்டில் ஒரு பிளே-ஆஃப் இறுதித் தோல்வி, பிரைட்டனில் ஓர் இறக்கம்.

ரெடிங்: பாதி மேனேஜர், பாதி பயிற்சியாளர்

2003இல் ரெடிங்கின் மேனேஜர் வெஸ்ட் ஹாமுக்குத் தாவினார். அக்டோபரில் அந்த இடத்துக்குக் கோப்பெல் வந்தார். தாவிய அந்த மேனேஜர் யார் தெரியுமா? 1990 அரையிறுதியில் கடைசிக் கோலைத் தலையால் முட்டிய ஆலன் பார்டியூ.

ரெடிங்கில் ஏற்பாடு வேறு. நிக் ஹாமண்ட் என்ற கால்பந்து இயக்குநர் ஏற்கெனவே இருந்தார். பின்னாளில் அதே கிளப்புக்கு மேனேஜராகப் போகிற பிரையன் மெக்டெர்மட், ஆட்டக்காரர்களைத் தேடும் பிரிவைப் பார்த்தார். கோப்பெலின் பெயர்ப்பலகையில் மேனேஜர் என்று இருந்தாலும், தேடுவதும் பேரம் பேசுவதும் பகிரப்பட்ட வேலை. பேலஸில் அவர் தனியாகச் செய்ததை இங்கே மூன்று பேர் செய்தார்கள்.

வாங்கியவற்றைப் பாருங்கள். அயர்லாந்தின் கார்க் சிட்டியிலிருந்து கெவின் டாய்ல், 78,000 பவுண்டு. கூடவே அதே கிளப்பிலிருந்து ஷேன் லாங். ஆர்சனலில் இடம் கிடைக்காமல், கோப்பெலுக்கு முன்பே வந்திருந்த ஸ்டீவ் சிட்வெல். ஐஸ்லாந்துக்காரர் இவார் இங்கிமார்சன். பெரிய பெயர் ஒன்றுகூட இல்லை.

2005–06 சீசனின் முதல் நாளில் பிளிமத்திடம் சொந்த மைதானத்தில் தோற்றார்கள். அப்புறம் லீக்கில் 33 ஆட்டம் தோல்வியில்லை. 46 ஆட்டங்களில் 31 வெற்றி, 13 டிரா, 2 தோல்வி. 99 கோல் போட்டு 32 வாங்கி, 106 புள்ளி. அந்தப் பிரிவில் சாதனை. இரண்டாம் இடம் வந்த அணிக்கு 90. கிளப் தொடங்கி 135 ஆண்டில் முதல்முறையாக முதல் பிரிவு. அடுத்த ஆண்டு பிரீமியர் லீக்கில் எட்டாவது இடம், 55 புள்ளி. இன்னும் ஒரு புள்ளி எடுத்திருந்தால் ஐரோப்பியப் போட்டிக்கான இடத்தைத் தொட்டிருப்பார்கள். 2006, 2007 இரண்டு ஆண்டும் சக மேனேஜர்கள் அவரைத்தான் ஆண்டின் சிறந்தவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

அதற்கடுத்த ஆண்டு விழுந்த கதை மேலே சொன்னதுதான். 2009இல் பிளே-ஆஃப் அரையிறுதியில் பர்ன்லியிடம் தோற்றதும் விலகினார். 2010இல் பிரிஸ்டல் சிட்டிக்குப் போனவர், சீசன் தொடங்கி இரண்டே ஆட்டத்தில் மனம் ஒட்டவில்லை என்று விட்டுவிட்டார். அப்புறம் சில ஆண்டுகள் க்ராலி டவுன், போர்ட்ஸ்மத் கிளப்புகளில் கால்பந்து இயக்குநர். ஒரு கிளப்பில் தங்கினார், இன்னொன்றிலிருந்து ஓடினார் என்று திட்டுவோர் உண்டு. எனக்கு அதில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. அவர் நீண்டகாலம் நின்ற இடங்கள் இரண்டு, பேலஸும் ரெடிங்கும். இரண்டிலும் தலைவர் மாறவில்லை, அணியைக் கட்ட நேரம் கொடுத்தார்.

இந்தியாவில்: கையில் கொடுத்த அணி

2016இல் கேரளா பிளாஸ்டர்ஸ் அழைத்தபோது அவருக்கு வயது 60ஐத் தாண்டிவிட்டது. பதவி, தலைமைப் பயிற்சியாளர். அதுவும் ஐஎஸ்எல், அதாவது இந்தியன் சூப்பர் லீக் முறையில் தலைமைப் பயிற்சியாளர் என்பதால் கட்டுகள் இன்னும் இறுக்கம்.

1. அப்போது சீசன் மூன்று மாதத்துக்குள் முடிந்துவிடும். அக்டோபரில் தொடக்கம், டிசம்பரில் இறுதி. பேலஸில் அணியைக் கட்ட ஐந்து ஆண்டு கிடைத்தவருக்கு இங்கே ஐந்து வாரம்கூடக் கிடைக்காது.

2. இந்திய ஆட்டக்காரர்களில் பலர், அப்போது தனியாக நடந்த இன்னொரு இந்திய லீக்கான ஐ-லீக்கின் கிளப்புகளிலிருந்து கடனாக வந்தவர்கள். அந்தக் கிளப்பின் வேலை முடிந்தால்தான் விடுவார்கள்.

இரண்டாவது கட்டு எப்படிக் கடித்தது என்பதற்கு, பெங்களூரிலிருந்து கடனாக வரவேண்டிய ஸ்ட்ரைக்கர் சி.கே. வினீத் சாட்சி. பெங்களூரு எஃப்.சி. அந்த ஆண்டு ஆசியக் கிளப்புகளுக்கான ஏஎஃப்சி கோப்பையின் இறுதிப் போட்டி வரை போனது, நவம்பர் 5 அன்று தோஹாவில் ஆட்டம். அதுவரை வினீத் அங்கே. பிளாஸ்டர்ஸ் முதல் மூன்று ஆட்டத்தில் ஒரு கோல்கூடப் போடாமல் திணறியது. நவம்பர் இரண்டாம் வாரம் வந்து சேர்ந்த வினீத், மிச்சமிருந்த ஆட்டங்களில் ஐந்து கோல் போட்டு அணியின் அதிக கோல் அடித்தவராக முடித்தார். மேனேஜராக இருந்திருந்தால் கோப்பெல் செப்டம்பரிலேயே வேறொரு ஸ்ட்ரைக்கரைத் தேடிப் போயிருப்பார்.

தலைமைப் பயிற்சியாளர் என்ன செய்ய முடியுமோ அதைச் செய்தார். வட அயர்லாந்தின் ஆரன் ஹியூஸையும் பிரெஞ்சுக்காரர் செட்ரிக் ஹெங்பார்ட்டையும் நடுவில் நிறுத்திப் பின்வரிசையைக் கட்டினார். போட்டதைவிட வாங்கிய கோல் அதிகம், ஆனாலும் லீக்கில் இரண்டாம் இடம். முந்தைய ஆண்டு கடைசி இடத்தில் முடிந்த கிளப் அது. டிசம்பர் 18, கொச்சி ஜவஹர்லால் நேரு மைதானத்தில் இறுதிப் போட்டி, எதிரணி கொல்கத்தா. பிளாஸ்டர்ஸின் ரஃபி தலையால் முட்டி முன்னிலை, சில நிமிடத்தில் கொல்கத்தாவின் செரேனோ சமன். பெனால்டியில் 4-3 என்று கொல்கத்தா. பிளாஸ்டர்ஸின் மஞ்சள் நிரம்பிய மைதானம் அமைதியானது.

அடுத்த ஆண்டு டாடா ஸ்டீலின் புதிய கிளப் ஜாம்ஷெட்பூர். அங்கே இந்திய ஆட்டக்காரர்களை டிராஃப்ட் முறையில் எடுக்க வேண்டும், அதாவது ஒரே மண்டபத்தில் எல்லாக் கிளப்பும் உட்கார்ந்து முறைவைத்து ஒவ்வொருவராக அழைக்க வேண்டும். முதல் வாய்ப்பிலேயே அவர்கள் அழைத்த பெயர் தடுப்பாளர் அனஸ் எடத்தொடிகா. கோல் போடுபவரை விட்டுத் தடுப்பவரை முதலில் எடுத்ததிலேயே கோப்பெலின் எண்ணம் தெரிந்தது. முதல் மூன்று ஆட்டமும் 0-0. பார்ப்பவர்களுக்குக் கொட்டாவி வந்திருக்கும், உண்மைதான். புதிய அணி ஐந்தாம் இடத்தில் முடிந்தது.

அதே சீசனில் கோப்பையை வென்றது சென்னையின் எஃப்.சி. அதன் தலைமைப் பயிற்சியாளரும் ஓர் ஆங்கிலேயர்தான், ஜான் கிரெகரி. அவரும் இங்கிலாந்துக்கு ஆடி, ஆஸ்டன் வில்லாவில் மேனேஜராக இருந்து, 2000 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் செல்சியிடம் தோற்றவர். இங்கிலாந்தில் எல்லாவற்றையும் தீர்மானித்துப் பழகிய இரண்டு பேர், இங்கே கொடுத்ததை வைத்து ஆட வைக்கும் வேலைக்கு வந்து பழகினார்கள். 2018–19இல் கோப்பெல் கொல்கத்தாவின் ஏடிகே அணிக்குப் போனார். ஆறாம் இடம். அதோடு அவருடைய பயிற்சியாளர் வேலை நின்றது.

இன்றைய செய்தியை எப்படிப் படிப்பது

ஒரு கிளப் யாரையாவது நியமித்தாலோ நீக்கினாலோ, பதவிப் பெயரோடு சேர்த்து மூன்று கேள்வி கேட்டால் விஷயம் வெளியே வரும்.

1. ஆட்டக்காரரை வாங்கும்போது கடைசிச் சொல் யாருடையது? தலைமைப் பயிற்சியாளரை நீக்கிவிட்டு, வாங்கியவர் அப்படியே இருந்தால், அடுத்தவருக்கும் அதே ஆட்டக்காரர்கள்தான் கிடைப்பார்கள்.

2. கால்பந்து இயக்குநர் உண்மையில் இயக்குகிறாரா, ஓரங்கட்டப்பட்டவரா? 1998இன் கோப்பெலும் ரெடிங்கின் நிக் ஹாமண்டும் வகித்தது ஒரே பெயருள்ள பதவி. வேலை வேறு.

3. நேரம் எவ்வளவு? முழு அதிகாரம் கொடுத்து ஒரு மாதத்தில் பலன் கேட்பதும், கட்டுப்பாடு போட்டு மூன்று ஆண்டு விடுவதும் ஒன்றில்லை.

பெயரில் மட்டும் மேனேஜர் என்று வைத்து அதிகாரத்தைப் பிரித்த கிளப்புகள் உண்டு. பெயரையே மாற்றிவிட்ட கிளப்புகள் இப்போது அதிகம். 2024 நவம்பரில் ரூபன் அமோரிமை நியமித்தபோது மான்செஸ்டர் யுனைடெட் அவருக்குக் கொடுத்த பெயர் தலைமைப் பயிற்சியாளர். அவருக்கு முன்னால் இருந்த எரிக் டென் ஹாக் வரை அங்கே மேனேஜர்தான். ஆட்டக்காரர்களை வாங்கும் பொறுப்புக்கென்று அந்த ஜூலையில் டான் ஆஷ்வர்த் என்ற ஸ்போர்ட்டிங் டைரக்டரைக் கொண்டுவந்திருந்தார்கள். அமோரிம் வந்த அடுத்த மாதமே ஆஷ்வர்த் கிளப்பை விட்டுப் போனார். 1945இல் பஸ்பி கேட்டு வாங்கிய மூன்று அதிகாரங்களும் இப்படிப் பிரிந்து கிடக்கும் அந்தக் கிளப்பின் மைதானத்துக்கு வெளியே, பஸ்பிக்கு வெண்கலச் சிலை இருக்கிறது.